ஒரே வயலின், ஐந்து பெயர்கள்: டாயோஷ் பேலா எப்படி மறக்கப்பட்டார்?

ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் அமெரிக்காவில் ஓர் ஆண்டுக்கான பழைய இசைத்தட்டுகள் காப்புரிமையிலிருந்து விடுபடுகின்றன. 1922 வரை வெளியானவை 2022இல் மொத்தமாக விடுபட்டன. 1923இல் வெளியானவை 2024இலும், 1924இல் வெளியானவை 2025இலும், 1925இல் வெளியானவை 2026இலும் விடுபட்டன. ஐரோப்பாவில் அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளுக்கான உரிமை முன்பே முடிந்துவிட்டது. அதனால் சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் தூசு படிந்து கிடந்த 1920களின் பெர்லின் நடன இசை இணையத்தில் வந்து குவிகிறது.

கேட்கப் போகிறவருக்கு முதலில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஒரு தட்டின் லேபிளில் ‘டாயோஷ் பேலா’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘ஷாண்டோர் யோஷி’, வேறொன்றில் ‘கிளைவ் வில்லியம்ஸ் ஜாஸ்பேண்ட்’. ‘மேக்ஸ் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா’ என்றும் ‘தி ஓடியன் ஃபைவ்’ என்றும்கூட உண்டு. இரண்டு ஹங்கேரியர்கள், ஓர் ஆங்கிலேயர், ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஐந்து பேர் கொண்ட ஒரு குழு என்று எண்ணத் தோன்றும். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவர் ஒருவரே. கீவ் நகரில் பிறந்த யூத வயலின் கலைஞர் அவர். இயற்பெயர் லியோன் கோல்ட்ஸ்மன்.

இரு உலகப்போர்களுக்கு இடையே ஜெர்மனியில் மிக அதிகமாக ஒலிப்பதிவு செய்த நடனக் குழுக்களில் ஒன்று அவருடையது. இன்று அவர் பெயரைச் சேகரிப்பாளர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. ‘நாஜிகள் ஜாஸைத் தடை செய்தார்கள், அதனால் மறந்துபோனார்’ என்ற ஒற்றை வரி விளக்கம் எளிதாகக் கிடைக்கும். அது பாதி உண்மைதான். அவர் மறைந்துபோக வழி செய்த ஏற்பாடு 1933க்கு முன்பே, அவர் புகழின் உச்சியில் இருந்தபோதே தயாராகிவிட்டது.

முதலில் நான்கு சொற்கள்

1. ஜாஸ். 1920களின் ஜெர்மனியில் இந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் டிரம்ஸ் வரிசைக்கே ‘ஜாஸ்’ என்று பெயர். குழுவில் அது இருந்தால் ஜாஸ் குழு, அவ்வளவுதான். ஃபாக்ஸ்ட்ராட், ஷிம்மி, சார்ல்ஸ்டன் என்று அமெரிக்காவிலிருந்து வந்த எந்த நடனமானாலும் மக்கள் வாயில் ஜாஸ்தான்.

2. நடன இசைக்குழு. கச்சேரி கேட்க வந்தவர்களுக்கான குழு அல்ல, ஆட வந்தவர்களுக்கானது. டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் எல்லாவற்றையும் ஒரே மாலையில் வாசிக்க வேண்டும். ஆடுகிறவர் கால் தடுமாறாத தாளம் முதல் தேவை. வித்தை காட்டுவதெல்லாம் அப்புறம்.

3. ஷ்டேகைகர். நேர்ப்பொருள் ‘நின்று வாசிக்கும் வயலின்காரர்’. கையில் கோலோடு நடத்துனர் என்று தனியாக ஒருவர் இருக்கமாட்டார். முன்னால் நின்று வயலின் வாசிப்பவரே வில்லாலும் புருவத்தாலும் குழுவை நடத்துவார். ஹங்கேரிய ஜிப்சி இசையிலிருந்து வியன்னா, பெர்லின் காபிக்கடைகளுக்கு வந்த வழக்கம் இது. பேலா இந்த மரபைச் சேர்ந்தவர்.

4. ஷ்லாகர். ‘அடிக்கும் பாட்டு’, அதாவது ஹிட் பாடல். ஓப்பரெட்டா என்ற இலகுவான இசைநாடகம், பாட்டும் ஆட்டமும் கலந்த மேடை ரெவ்யூ, 1929க்குப் பின் பேசும் படம் எதிலிருந்தும் வரலாம். நடனக் குழு அதை எடுத்து வாசிக்கும். நடுவில் ஒரு பாடகர் வந்து பல்லவியை மட்டும் ஒருமுறை பாடிவிட்டுப் போவார். லேபிளில் ‘பல்லவிப் பாடலுடன்’ என்று மட்டும் அச்சாகும். பாடியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இந்தப் பெயரின்மையைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

கீவிலிருந்து பெர்லினுக்கு

கோல்ட்ஸ்மன் 1897இல் பிறந்தார். தந்தை ரஷ்யர், தாய் ஹங்கேரியர். மாஸ்கோவில் மிகயீல் பிரெஸ்ஸிடமும் பெர்லினில் இசாய் பார்மஸிடமும் முறையாக வயலின் கற்றார். முதல் உலகப்போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, போர் முடிந்ததும் பெர்லினின் சிறிய இடங்களில் வாசித்துப் பிழைத்தார்.

அந்த நேரம் அவருக்கு வாய்த்தது. போர்க்காலத்தில் ஜெர்மனியில் பொது இடங்களில் நடனமாடத் தடை இருந்தது. 1918 டிசம்பர் 31 இரவு அது நீங்கியது. தோற்ற நாடு, வேலையில்லாமல் திரும்பிய படைவீரர்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை. இத்தனைக்கும் நடுவே பெர்லின் ஆடத் தொடங்கியது. ஆடுவதற்குக் குழுக்கள் வேண்டும், குழுக்களுக்கு முன்னால் நிற்க வயலின்காரர்கள் வேண்டும்.

ஹங்கேரியப் பெயர் இங்கேதான் உதவிக்கு வருகிறது. ஷ்டேகைகர் என்றால் ஹங்கேரியர்தான் என்று நடன மண்டபம் நடத்துபவர்கள் நம்பினார்கள். கர்நாடக சங்கீதத்தில் பெயருக்கு முன்னால் தஞ்சாவூரோ கும்பகோணமோ நின்றால் கிடைக்கும் மதிப்புக்குச் சமம் அது. தாய்வழியில் ஹங்கேரியத் தொடர்பு உள்ளவர் ‘டாயோஷ் பேலா’ ஆனது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஹங்கேரிய மொழியில் குடும்பப்பெயர் முன்னால் வரும், சொந்தப்பெயர் பின்னால் வரும். நம் முன்னெழுத்து வழக்கத்துக்கு நெருக்கமான ஏற்பாடு. அதன்படி ‘பேலா’தான் சொந்தப்பெயர். ஜெர்மானியர்கள் அதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டார்கள். நூலக அட்டவணையில் இவரை எந்த எழுத்தின் கீழ் வைப்பது என்ற சிக்கல் அன்றே பிறந்துவிட்டது.

‘அமெரிக்க’ இசை அமெரிக்கர்கள் இல்லாமல்

1919 முதல் 1923 வரை ஜெர்மன் இசைக்கலைஞர்கள் ஜாஸை அதிகமும் தாளில் பார்த்தும் காதில் விழுந்ததை வைத்தும் ஊகித்தே வாசித்தார்கள். பணவீக்கம் காரணம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு எந்த அமெரிக்கக் குழு வரும்? ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்து நாணயம் நிலைபெற்ற பிறகுதான் கதவு திறந்தது. 1925 மே மாதம் சாம் வுடிங்கின் கறுப்பினக் குழு ஆட்மிரால்ஸ்பாலாஸ்ட் அரங்கில் வாசித்தது. 1926இல் பால் வைட்மன் தன் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு வந்தார். மைக்கேல் டான்சி என்ற அமெரிக்க பான்ஜோ கலைஞர் 1924இல் வந்து 1939 வரை பெர்லினிலேயே தங்கி, ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாசித்தார்.

ஒலிப்பதிவு முறையும் இதே சமயத்தில் மாறியது. அதுவரை கலைஞர்கள் ஒரு பெரிய கொம்புக் குழாயின் முன் நெருக்கியடித்து நின்று வாசிக்க வேண்டும். பாஸ் வயலினும் டிரம்மும் அதில் சரியாகப் பதியாது. 1920களின் நடுவில் மைக்ரோஃபோன் வந்தது. பேலாவின் 1923ஆம் ஆண்டுத் தட்டையும் 1928ஆம் ஆண்டுத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் வேறு வேறு குழு என்றே தோன்றும். வாசிப்பு தேறியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் வித்தியாசத்தில் பெரும்பங்கு மைக்ரோஃபோனுடையது. பழைய தட்டை வைத்து அந்தக் காலக் கலைஞர்களை எடைபோடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்கத் தவறுகிறார்கள்.

ஏன் இத்தனை பெயர்கள்?

பேலாவை ஒப்பந்தம் செய்தது பெர்லினின் கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் நிறுவனம். ஓடியன், பார்லஃபோன், பேக்கா, குளோரியா ஆகிய லேபிள்கள் அதன் கையில் இருந்தன.

இவற்றில் ஓடியன் நமக்கும் தெரிந்த பெயர். மாடமும் தூண்களும் கொண்ட கட்டடம் அதன் முத்திரை. 1930களில் மதராஸில் ஏவி. மெய்யப்பச் செட்டியார் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ் தமிழ்ப் பாட்டுகளை வெளியிட்டது இந்த லேபிளில்தான். பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் ஓடியன் தட்டுக்கும் பெர்லின் நடன மண்டபத்துக்கும் முத்திரை ஒன்றே.

ஒரு தலைவருக்குப் பல பெயர் சூட்டியதில் நிறுவனத்துக்கு மூன்று லாபங்கள் இருந்தன.

1. பெயர் என்பது பண்டத்தின் வகை. வாங்க வருகிறவர் கலைஞரைத் தேடி வரவில்லை. டாங்கோவோ ஜாஸோ தேடி வந்தார். ஹங்கேரியப் பெயர் போட்டால் வயலின் உருகும் என்று பொருள். ஆங்கிலப் பெயர் போட்டால் சூடான ஃபாக்ஸ்ட்ராட் என்று பொருள். அதே குழு காலையில் ‘ஹங்கேரியர்’, மாலையில் ‘ஆங்கிலேயர்’.

2. ஒரே பெயரில் அளவுக்கு மீறிக் குவிக்கக்கூடாது. ஒரே பட்டியலில் ஒரே தலைவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் சரக்கு மலிந்துபோனதாகத் தெரியும். நான்கு பெயரில் பிரித்துப் போட்டால் கடை நிறைந்திருப்பதுபோல் தெரியும்.

3. விலைப்பிரிவு. ஒரே நிறுவனத்தில் விலை கூடிய லேபிளும் மலிவு லேபிளும் இருந்தன. நட்சத்திரப் பெயரை மலிவுத் தட்டில் போட்டால் விலை கூடியதை யார் வாங்குவார்?

இது பேலாவுக்கு மட்டும் நடந்ததல்ல. லுட்விக் ரூத் என்ற புல்லாங்குழல் கலைஞர் ‘லூயிஸ் ரூத்’ ஆனார். 1928இல் ‘மூன்று காசு ஓப்பரா’ என்ற புகழ்பெற்ற இசைநாடகம் முதன்முதலில் மேடையேறியபோது வாசித்தது இந்த ‘லூயிஸ் ரூத் பேண்ட்’தான். ஹெர்மன் பீக் ‘பென் பெர்லின்’ ஆனார். அமெரிக்க வாடை வீசினால் போதும்.

கலைஞர்களுக்கும் இதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. வேலை கிடைத்தது, பணம் வந்தது. பேலா அட்லான், எக்ஸெல்சியோர் போன்ற பெரிய ஹோட்டல்களில் மாலைத் தேநீர் நடனத்துக்கு வாசித்தார். எக்ஸெல்சியோர் ஹோட்டல் ஆன்ஹால்ட்டர் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. நிலையத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாகவே உள்ளே வந்துவிடலாம். வானொலி வந்ததும் அங்கும் இவர் இசை ஒலித்தது. அவர் தட்டுகள் ஜெர்மனிக்கு வெளியேயும் விற்றன.

ஆனால் என் கணிப்பில் மறதிக்கான விதை இங்கேதான் விழுந்தது. வாங்கியவர் நினைவில் பாட்டு நின்றது, நடனம் நின்றது, அந்த மாடக் கட்டட முத்திரை நின்றது. ஆளின் பெயர் கழற்றி மாட்டும் சட்டையாகிவிட்டது. பல்லவி பாடியவருக்கு அந்தச் சட்டைகூடக் கிடைக்கவில்லை. லியோ மோனோசன் போன்ற பாடகர் எத்தனையோ குழுக்களோடு பாடியும், வீட்டில் கேட்டவருக்கு அவர் வெறும் ‘பல்லவிப் பாடல்’தான்.

1933: எது தடைசெய்யப்பட்டது?

இந்த இடத்தில்தான் ஒற்றை வரி விளக்கம் தடுமாறுகிறது. நாஜி ஆட்சி ஜாஸை முழுமையாகத் தடைசெய்யும் ஒரே சட்டம் எதையும் போடவில்லை. நடந்தது வேறு விதம்.

1. முதலில் தெரு. 1933இன் தொடக்க மாதங்களிலேயே யூதக் கலைஞர்கள் வாசிக்கும் இடங்களில் நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைப் படையினர் புகுந்து மிரட்டினார்கள். ஏப்ரல் 1 அன்று யூதர்களின் கடைகளுக்கும் தொழில்களுக்கும் எதிராக நாடு தழுவிய புறக்கணிப்பு. ஹோட்டல் முதலாளிக்குச் சட்டம் தேவைப்படவில்லை. பயம் போதுமானதாக இருந்தது.

2. அடுத்தது உறுப்பினர் அட்டை. 1933 செப்டம்பரில் பண்பாட்டு மன்றச் சட்டம் வந்தது. நவம்பரில் அதன் கிளையாக இசை மன்றம் தொடங்கியது. இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதன் முதல் தலைவர். சம்பளத்துக்கு வாசிக்கும் எவரும் உறுப்பினராக வேண்டும். ‘நம்பகத்தன்மை, தகுதி’ இல்லாதவரைச் சேர்க்காமல் விடலாம் என்று விதி. 1935இல் யூதர்களுக்கு வரிசையாக நீக்கக் கடிதங்கள் போயின. இசையைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. ஆளைப் பிடித்தால் இசை தானாக நின்றுவிடும்.

3. அதன்பின் வானொலி. 1935 அக்டோபரில் ஜெர்மன் வானொலியில் ‘நீக்ரோ ஜாஸ்’ ஒலிக்கக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. எது அது, எது இல்லை என்று பிரித்துச் சொல்ல அதிகாரிகளால் கடைசிவரை முடியவில்லை.

4. கடைசியில் கடை. 1938க்குள் யூதக் கலைஞர்களின் தட்டுகள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. அதே ஆண்டு ட்யூசல்டார்ஃபில் ‘சீர்கெட்ட இசை’ என்ற கண்காட்சி. 1940இல் இசைத்துறையில் இருந்த யூதர்களின் அகராதி ஒன்று அச்சானது. புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் இயற்பெயரைத் தோண்டி எடுப்பதும் அதன் வேலை. இசைத்தட்டு நிறுவனம் பத்தாண்டுகளாக மறைத்து வைத்த பெயர்களைத் தேடிப்பிடித்து அச்சிட்டவர்கள் அழிக்க வந்தவர்கள்தான்.

இதற்கு நடுவே நடன இசை நிற்கவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் சுவிட்சர்லாந்துக்காரர் டெடி ஷ்டாஃபர் அங்கேயே ஸ்விங் வாசித்துக் கூட்டம் சேர்த்தார். போர்க்காலத்தில் அரசே ‘சார்லி அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் ஒரு ஸ்விங் குழுவை நடத்தியது. அமெரிக்கப் பாடல்களுக்கு வசைச் சொற்களைப் பொருத்தி ஆங்கிலத்தில் எதிரி நாடுகளுக்கு ஒலிபரப்பியது. அந்தக் குழுவுக்கும் ஓர் ஆங்கிலப் பெயர்தான் வைத்தார்கள். பழைய வியாபாரப் புத்தி மாறவில்லை.

பேலா 1933இலேயே ஜெர்மனியை விட்டுக் கிளம்பிவிட்டார். பாரிஸ், லண்டன் என்று சில காலம். 1935இல் ரேடியோ ஸ்ப்ளெண்டிட் நிலையம் அழைத்ததால் புவெனஸ் ஐரெஸ் போனார். அர்ஜென்டினாவிலேயே தங்கி, அங்கே குழு நடத்தி, 1978இல் கோர்டோபா மாகாணத்தின் லா ஃபால்டா என்ற மலையூரில் இறந்தார்.

மற்றவர்களும் உலகெங்கும் சிதறினார்கள். பெர்லினின் இன்னொரு ஷ்டேகைகரான எஃபிம் ஷாக்மைஸ்டரும் புவெனஸ் ஐரெஸில்தான் 1944இல் இறந்தார். லெம்பெர்க்கில் பிறந்த மாரெக் வெபர் அமெரிக்கா போனார். ஸ்டெஃபான் வைன்ட்ராப்பின் ‘வைன்ட்ராப்ஸ் சிங்கோபேட்டர்ஸ்’ குழு 1930இல் ‘நீல தேவதை’ படத்தில் மார்லினா டீட்ரிக்கோடு தோன்றிய குழு. அது ஐரோப்பா, சோவியத் யூனியன், ஜப்பான் என்று சுற்றி 1937இல் ஆஸ்திரேலியா சேர்ந்தது. போர் மூண்டதும் ஹிட்லருக்குத் தப்பி வந்த அந்த யூதர்களில் சிலரையே ‘எதிரி நாட்டவர்’ என்று முகாமில் அடைத்தார்கள். குழு கலைந்தது. வைன்ட்ராப் சிட்னியில் மெக்கானிக்காக வாழ்ந்தார்.

ஓர் ஒப்பீடு: கெட்சி

அரசியல் எவ்வளவு, காலமாற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஓர் ஒப்பீடு இருக்கிறது. பர்னபாஷ் ஃபான் கெட்சியும் 1897இல் பிறந்தவர்தான். புடாபெஸ்ட்காரர், உண்மையான ஹங்கேரியர், அவரும் ஷ்டேகைகர், அவரும் பெர்லின் பெரிய ஹோட்டல்களில் வாசித்தவர். யூதர் அல்ல. பேலா போட்டுக்கொண்டிருந்த சட்டை இவருக்குப் பிறவித்தோல்.

கெட்சி ஜெர்மனியில் தங்கினார். 1930களில் அவர் புகழ் கூடியது, போர்க்காலத்திலும் வாசித்தார். போருக்குப் பின்னும் ஜெர்மனியிலேயே வாழ்ந்து 1971இல் மியூனிக்கில் இறந்தார். இடையில் அறுபடாததால், 1950களில் பழைய பாட்டு கேட்க விரும்பிய ஜெர்மானியருக்கு அவர் எட்டும் தூரத்தில் இருந்தார். பேலா பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்பானிய மொழி பேசும் நேயர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. கெட்சியின் பெயரைக் கேட்டால் இன்றைய ஜெர்மன் இளைஞரும் விழிப்பார். நின்று வயலின் வாசித்துக் குழு நடத்தும் பாணியே போய்விட்டது. எந்த அரசியலும் இல்லாமலேயே அது போயிருக்கும். பேலா விஷயத்தில் கூடுதலாக நடந்தது என்னவென்றால், பாணி தானாக மங்குவதற்கு முன்பே ஆள் பிடுங்கப்பட்டார். முப்பத்தைந்து வயதில்.

தட்டுகள் எங்கே போயின?

அந்தக் காலத் தட்டின் முக்கிய மூலப்பொருள் ஷெல்லாக், அதாவது அரக்கு. உலகத்துக்கு அரக்கு கொடுத்தது பெரும்பாலும் இந்தியா. சோட்டா நாக்பூர் பகுதி அதன் மையம். போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு அரக்கு வரத்து நின்றது. புதுத் தட்டு வாங்க வேண்டுமானால் பழைய தட்டுகளைக் கடையில் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. கொடுத்தவை நொறுக்கப்பட்டு, உருக்கப்பட்டு, மறுபடி தட்டாகின.

வீட்டில் இருக்கும் பழையதில் எதை முதலில் கொடுப்பார்கள்? தேய்ந்ததை. அடிக்கடி வைத்து ஆடியதை. அதோடு, வைத்திருந்தால் தொல்லை வரக்கூடிய பெயர் உள்ளதை. இந்த மூன்று வகையிலும் பேலாவின் தட்டுகள் வந்துவிடும். எஞ்சியதைக் குண்டுவீச்சு பார்த்துக்கொண்டது.

ஜாஸ் வரலாறு ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை?

போருக்குப் பின் ஜெர்மனியில் தட்டுகளைத் தேடிப் பட்டியலிட்டவர்கள் ஜாஸ் ரசிகர்கள். அவர்கள் இல்லையென்றால் இவ்வளவும் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் கையில் இருந்த அளவுகோல் ஒன்றே: தட்டில் ‘ஹாட்’ இசை எவ்வளவு? தனி வாத்தியக்காரர் மனோதர்மமாக வாசிக்கும் இடம் எங்கே?

அந்த அளவுகோலால் அளந்தால் பேலாவின் தட்டுகளில் மிகச் சிலவே தேறும். டாங்கோவும் வால்ட்ஸும் சலோன் இசை என்ற மென்மையான ஹோட்டல், காபிக்கடை இசையும் ‘ஜாஸ் அல்ல’ என்று ஒதுங்கின. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரர்களுக்கோ அது ஹோட்டல் சங்கீதம். இரண்டு வீட்டுக்கும் வேண்டாத விருந்தாளி. ஒரு நடனக் குழுவை எத்தனை நிமிடம் ஜாஸ் வாசித்தது என்று அளப்பது, நாதஸ்வரக் குழுவைக் கல்யாண ஊர்வலத்தை விட்டுவிட்டுக் கச்சேரி மேடையில் வைத்து மட்டும் மதிப்பிடுவது போன்றது. 1927இல் ஒரு பெர்லின்வாசி என்ன கேட்டார், எதற்கு ஆடினார் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஒதுக்கப்பட்ட டாங்கோக்களைத்தான் கேட்க வேண்டும்.

லேபிளை நம்பலாமா?

இணையத்தில் கிடைக்கும் தட்டு பேலாவுடையதா என்று அறிய, லேபிளில் உள்ள பெயர் கடைசியாகப் பார்க்க வேண்டியது. வரிசை இப்படி:

1. மேட்ரிக்ஸ் எண். ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்டூடியோ ஓர் எண் கொடுக்கும். தட்டின் நடுவே, இசைக்கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் அது பதிந்திருக்கும். ஓடியனின் பெர்லின் பதிவுகளில் எண்ணுக்கு முன்னால் ‘பி, ஈ’ என்ற இரண்டு லத்தீன் எழுத்துகள் இருக்கும். லேபிளில் எந்தப் பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. இரு வேறு பெயர்களில் ஒரே எண் கண்டால், இரண்டும் ஒரே பதிவு.

2. பக்கத்து எண்கள். எண்கள் பதிவான வரிசையில் ஓடுபவை. முன்னும் பின்னும் உள்ள எண்கள் பேலாவின் பெயரில் இருந்து, நடுவில் ஒன்று மட்டும் ‘கிளைவ் வில்லியம்ஸ்’ என்றிருந்தால், அதே ஸ்டூடியோவில் அதே நாளில் அதே குழு வாசித்திருக்க வாய்ப்பு மிகுதி. இது சான்று மட்டுமே, முடிவு அல்ல.

3. காது. வயலின் எங்கே நுழைகிறது, வாத்திய அடுக்கு எப்படி என்பது. இதை மூன்றாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு: இசைக்கலைஞர்கள் குழுவுக்குக் குழு மாறி வாசித்தார்கள். டான்சியின் பான்ஜோ காதில் விழுந்தால் அது பெர்லின் என்று தெரியும். யாருடைய குழு என்று தெரியாது.

பதிவேற்றுபவர்களில் பலர் லேபிளில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்துவிடுகிறார்கள். தேடுபொறியும் அதையே எடுத்துக்கொள்கிறது. இசைத்தட்டு நிறுவனம் 1920களில் செய்த பிரிவினை இன்றும் அப்படியே வேலை செய்கிறது: ஒருவருடைய கேட்பு எண்ணிக்கை ஐந்து கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது.

உரிமைக் கணக்கில் பெயரின் இடம்

தட்டு விடுபட்டுவிட்டது என்றால் பாட்டும் விடுபட்டுவிட்டது என்று பொருளல்ல. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, அதில் உள்ள இசைக்கும் சொல்லுக்கும் வேறோர் உரிமை. ஐரோப்பாவில் இசையமைப்பாளர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகளுக்குப் பாடலுரிமை நிற்கும். இந்தியாவில் 60 ஆண்டுகள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் என்பதால் 1920களின் தட்டுகளுக்கு இங்கே அந்தச் சிக்கல் இல்லை. பேலா வாசித்தவற்றில் பெரும்பகுதி பிறர் அமைத்த பாடல்கள், எனவே ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இசையமைப்பாளர் இறந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். அவரே அமைத்தவை ஐரோப்பாவில் 2048 முடியும் வரையும் இந்தியாவில் 2038 முடியும் வரையும் உரிமைக்கு உட்பட்டவை.

ஐரோப்பிய விதியில் ஒரு கிளை உண்டு. புனைபெயரில் வெளியான படைப்பு, அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று தெரியாதவரை, வெளியான நாளிலிருந்து 70 ஆண்டுகளில் விடுபடும். ஆள் இன்னார் என்பதில் ஐயமில்லை என்றால் அவர் இறந்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். 1926இல் ஒரு புனைபெயரில் அச்சான மெட்டு ஒன்று, இயற்பெயர் தெரியாத நிலையில் 1996 முடிவிலேயே விடுபட்டிருக்கும். அதை அமைத்தவர் கீவில் பிறந்து லா ஃபால்டாவில் இறந்த லியோன் கோல்ட்ஸ்மன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், இன்னும் 2049 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும்.